கோர்மென் இப்போதைக்கு வேண்டாம்

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் போகும் மாணவர் ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?’ என்று சீனியரிடம் கேட்டால், பெரும்பாலும் ‘கோர்மென் வாங்கு’ என்றுதான் பதில் வரும். சொல்பவர் அதை முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நம் கல்லூரிகளில் கோர்மென் என்றே பெயர் பெற்றுவிட்ட ‘இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்’ 1990இல் வெளியானது. தாமஸ் கோர்மென், சார்லஸ் லீசர்சன், ரொனால்ட் ரிவெஸ்ட் மூவரும் எழுதிய நூலில் இரண்டாம் பதிப்பிலிருந்து கிளிஃபர்ட் ஸ்டைனும் சேர்ந்துகொண்டார். 2022இல் வந்த நான்காம் பதிப்பு 1,300 பக்கங்களைத் தாண்டுகிறது. துறையின் அடிப்படை நூல் அது என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் வரிசையில் இருக்கிறது. ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட் போன்ற எளிய அமைப்புகள் அதில் பத்தாவது அத்தியாயத்தில்தான் வருகின்றன. அங்கே போய்ச் சேர்வதற்குள் ரெக்கரன்ஸ் சமன்பாடுகளையும் நிகழ்தகவுப் பகுப்பாய்வையும் கடந்தாக வேண்டும். நிரல்களும் சூடோகோடில் இருப்பதால் அப்படியே கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாது. நிரல் எழுதிப் பழகி, கணிதத்தைக் கண்டு மிரளாதவருக்கு அது பொக்கிஷம். மற்றவர்களுடைய பிரதி முதல் சில அத்தியாயங்களில் மட்டும் அழுக்கேறி, மீதி புதுமணம் மாறாமல் அலமாரியில் இருக்கும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அதற்கு இந்தப் பாடம் எதைப் பற்றியது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அது வீட்டு எண் வரிசையில் இருக்கிறது. கதவு எண் தெரிந்தால் ஆளைச் சட்டென்று பிடித்துவிடலாம்; பெயர் மட்டும் தெரிந்தால் முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துத் தேட வேண்டியதுதான். அதே பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டால் நடுப் பக்கத்தைத் திறந்து, வேண்டிய பெயர் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிடலாம். மிச்சத்தில் மறுபடி பாதி. இப்படிப் போனால் பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 20 ஒப்பீடுகள் போதும். அடுக்கி வைத்த விதம் தரவுக் கட்டமைப்பு; தேடிய விதம் அல்காரிதம். ஒன்று மாறினால் மற்றதும் மாறும் என்பதை முதல் சில பக்கங்களிலேயே உணர்த்திவிடும் புத்தகம் பாதி வேலையை முடித்துவிட்டது.

இந்தப் பாதிப் பாதித் தேடலுக்கு பைனரி சர்ச் என்று பெயர். புத்தகத்தைச் சோதிக்க இதைவிட நல்ல பகுதி கிடையாது. கடையிலோ நூலகத்திலோ அந்தப் பக்கங்களை மட்டும் நின்றபடியே படித்துப் பாருங்கள். பட்டியல் ஏற்கெனவே வரிசையில் இருந்தாக வேண்டும் என்று முதலிலேயே சொல்கிறதா? பட்டியல் காலியாக இருந்தால், தேடிய பெயரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுகிறதா? ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கமும் முடிவும் எங்கே நகர்கின்றன என்பதற்குப் படம் உண்டா? நிரலைக் கொட்டிவிட்டு, கீழே ‘ஆர்டர் ஆஃப் லாக் என்’ என்று ஒரு வரி எழுதி அடுத்த தலைப்புக்குத் தாவும் புத்தகமாக இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம்.

எளிமையாகத் தெரியும் இந்தத் தேடல் பெரியவர்களையே கவிழ்த்திருக்கிறது. ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சில் பல ஆண்டுகளாக ஒரு பிழை ஒளிந்திருந்ததாக, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் தாமே அறிவித்தார். நடுப்புள்ளியைக் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். பட்டியல் சுமார் 107 கோடி உறுப்புகளைத் தாண்டும்போது அந்தக் கூட்டுத்தொகை, ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கான 2,147,483,647 என்ற எல்லையை மீறி எதிர்ம எண்ணாகிவிடும். அதே கணக்கைப் பைத்தானில் எழுதினால் இந்தத் தொல்லை வராது. அங்கே முழு எண்ணுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை.

ஆகவே, எந்த மொழியில் எழுதப்பட்ட புத்தகம் என்பது சின்ன விஷயமல்ல. தமிழகத்தில் பலரும் இந்தப் பாடத்தை சி மொழியில்தான் படிக்கிறார்கள். மார்க் ஆலன் வைஸ் எழுதிய தரவுக் கட்டமைப்பு நூலின் சி பதிப்பு அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பாடநூலாக இடம்பெற்றது. கச்சிதமான நூல்தான். ஆனால் பாயிண்டர் பிடிபடாதவர் அதைத் திறந்தால், தமக்கு லிங்க்டு லிஸ்ட் புரியவில்லையா பாயிண்டர் புரியவில்லையா என்றே தெரியாமல் திணறுவார். பைத்தானில் வேறு விதமான இழப்பு. அங்கே பட்டியல் என்பது கைக்குத் தயாராகக் கிடைப்பதால், உள்ளே நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கவே தோன்றாது. இருந்தாலும் முதல் வாசிப்புக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில் உள்ள புத்தகமே நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு புது விஷயங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பைத்தான் தெரிந்தவருக்கு என் பரிந்துரை, ஆதித்யா பார்கவா எழுதிய ‘குரோக்கிங் அல்காரிதம்ஸ்’. 2016இல் வந்தது, பக்கத்துக்குப் பக்கம் கைப்படங்கள். தொடக்கமே பைனரி சர்ச்தான். முதல் பதிப்பில் ட்ரீ பற்றித் தனி அத்தியாயம் இல்லை. இரண்டாம் பதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதால் பழைய பிரதி மலிவாகக் கிடைத்தாலும் புதியதைத் தேடுங்கள். இந்த ஒரு நூலை வைத்து செமஸ்டர் தேர்வு எழுதிவிட முடியாது, பயம்தான் போகும். பயம் போனபின் அடுத்த நூலாக, ஜாவா அறிந்தவர்கள் பிரின்ஸ்டனின் ராபர்ட் செட்ஜ்விக், கெவின் வெய்ன் எழுதிய ‘அல்காரிதம்ஸ்’ நூலின் 2011 பதிப்பை எடுக்கலாம். ஸ்டாக்கும் கியூவும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும்; நிரல்கள் ஓடும்; நூலுக்கான இணையதளத்தில் சுருக்கமும் நிரல்களும் இலவசம்.

இலவசம் என்றதும் இன்னொன்று. ஜெஃப் எரிக்சனின் ‘அல்காரிதம்ஸ்’ நூலை முழுமையாக, சட்டப்படியே பதிவிறக்கலாம். அருமையான நடை. ஆனால் அடிப்படைத் தரவுக் கட்டமைப்புகளை முன்பே படித்தவருக்காக எழுதியது, தொடக்கநிலைக்கு ஆகாது. புத்தகம் மட்டும் போதாது, யாராவது சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பவர்களுக்கு சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் (NPTEL) இணையப் பாடத் தளத்தில் நடத்திய பைத்தான் வழிப் பாடம் இருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் நிதானமான ஆங்கிலம்.

வளாக நேர்காணலை மனத்தில் வைத்து நரசிம்ம கருமஞ்சியின் ‘மேட் ஈஸி’ நூலை முதலிலேயே வாங்குகிறவர்கள் நிறையப் பேர். கேள்வியும் பதிலுமாக அடுக்கப்பட்ட நூல் அது. பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு, வேலைத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கையில் எடுத்தால் பலன் உண்டு. முதல் நூலாக எடுத்தால் விடைகள் மனப்பாடமாகும்; கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் நேர்காணல் அறையில் கை நின்றுவிடும்.