வண்ணக் குழாய்க்குள் வெயில் இருக்கிறதா?

காவிரிச் சமவெளியின் நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் ஆறுகளுள் ஒன்று கடுவையாறு. அது கடலோடு கலக்கும் இடத்தில்தான் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அங்கே கிழக்கு நோக்கி நின்று பாருங்கள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். எதிர்வெயிலில் நீர் பளபளக்கும், கண் கூசும்.

இந்தக் காட்சியைத் தைல வண்ணத்தில், அதாவது எண்ணெயில் குழைத்த வண்ணத்தில், தீட்ட விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாயிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி, நீர் பளபளக்கும் இடத்தில் பூசுகிறீர்கள். கண் கூசுகிறதா? இல்லை! ஏன்?

வெள்ளைக்கும் ஓர் எல்லை

வண்ணம் தானாக ஒளி விடுவதில்லை. தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். நல்ல வெள்ளை வண்ணம் 100 பங்கு ஒளியில் ஏறத்தாழ 90 பங்கைத் திருப்புகிறது. கறுப்பு வண்ணமும் 3 அல்லது 4 பங்கைத் திருப்பிவிடுகிறது. ஆகவே படத்தின் மிக வெளிச்சமான இடம், மிக இருண்ட இடத்தைப்போல் சுமார் 25 மடங்குதான் ஒளி தரும். துறைமுகத்திலோ, நீரில் மின்னும் சூரியனுக்கும் படகின் அடியிலுள்ள நிழலுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்கு.

அவ்வளவு பெரிய வேறுபாட்டை இந்த 25 மடங்குக்குள் அடக்க வேண்டும். நல்ல வேளையாக, நம் கண் ஒளியை அளவுகோல் வைத்து அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறது. ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சிறு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின் மீதும் மற்றதை வெள்ளைத் தாளின் மீதும் வைத்துப் பாருங்கள். கறுப்பின் மீதுள்ளது வெளிறித் தோன்றும்.

ஓவியர் இதைத்தான் பயன்படுத்துகிறார். வானம், படகு, கரை எல்லாவற்றையும் ஒரு படி மங்கலாகத் தீட்டுகிறார். தூய வெள்ளையை நீரின் மினுக்கத்துக்கென்று ஒதுக்கி வைக்கிறார். அப்போது அந்தச் சில புள்ளிகள் சுடர்விடுகின்றன. படம் முழுவதும் வெள்ளையைத் தாராளமாகக் கலந்தால் வெயில் வராது. சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிப் போகும்.

மோனேயின் சூரியன்

பிரான்ஸ் நாட்டு ஓவியர் குளோத் மோனே, லெ ஆவ்ர் துறைமுகத்தின் காலைக் காட்சியை 1872-இல் தைல வண்ணத்தில் தீட்டினார். 'பதிவு, சூரியோதயம்' என்பது அதன் பெயர். 'இம்ப்ரெஷனிசம்' என்ற ஓவிய இயக்கத்துக்கே அந்தப் படத்திலிருந்துதான் பெயர் வந்தது. அதில் நீலச்சாம்பல் பனிமூட்டத்தின் நடுவே செம்மஞ்சள் நிறச் சூரியன் துடிப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது! சூரியனும் சுற்றியுள்ள மேகமும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத்தான் திருப்புகின்றன.

இதற்கு அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கம் தந்தார். மூளையில் ஒளியின் அளவை மட்டும் உணரும் பகுதிகள் உண்டு. நிறத்தை உணரும் பகுதிகளும் உண்டு. முதல் வகைக்கு அந்தச் சூரியன் தெரிவதில்லை. இரண்டாம் வகைக்குத் தெளிவாகத் தெரிகிறது. இந்த முரண்பாட்டால்தான் அது ஓரிடத்தில் நில்லாமல் துடிப்பதாகத் தோன்றுகிறது.

நிழல் கறுப்பா?

தெளிந்த வானமுள்ள காலையில் வெள்ளைத் தாள் ஒன்றை வெயிலில் வைத்து, அதன்மேல் பென்சிலின் நிழல் விழச் செய்யுங்கள். நிழலில் இலேசான நீலம் தெரியும். சூரியனின் நேரொளி மறைக்கப்பட்ட இடத்திலும் நீல வானத்தின் ஒளி விழுகிறதல்லவா? ஆகவே வெள்ளைப் படகின் வெயில்படும் பக்கத்தில் சிறிது மஞ்சளும், நிழல் பக்கத்தில் சிறிது நீலமும் கலக்க வேண்டும். நீலத்தின் அருகே மஞ்சள் மேலும் வெதுவெதுப்பாகத் தோன்றும். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த இயல்பை, பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரல் 1839-இல் விரிவான நூலாகவே எழுதினார்.

நீரின் நிறம்

நீரைச் செங்குத்தாகக் குனிந்து பார்த்தால், அது 100 பங்கு ஒளியில் 2 பங்கையே எதிரொளிக்கிறது. தொலைவில், மிகச் சாய்வாகப் பார்க்கும்போது பெரும்பகுதியை எதிரொளிக்கிறது. எனவே தொலைவிலுள்ள நீரில் வானத்தின் நிறமும், காலடியிலுள்ள நீரில் ஆற்று வண்டலின் நிறமும் தெரியும். நீர் முழுவதையும் ஒரே நீலமாகப் பூசினால் அது தரைவிரிப்புபோல ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படகின் பிம்பம் எப்போதும் உங்களை நோக்கியே விழும். படகின் நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழும். தெளிந்த ஆழமான நீரில் நிழல் தெரிவதில்லை. மழைக்காலத்தில் வண்டல் கலங்கி வரும்போது, மண் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் நிழலும் தெரியும்.

எண்ணெய் எதற்கு?

தஞ்சாவூர் ஓவியத்தில் சாக்குப்பொடியைப் பசையோடு குழைத்து மேடாக்கி, அதன்மேல் தங்கத்தகடு ஒட்டுவார்கள். காய்ந்ததும் அந்தப் பொடி வெண்மையாக இருக்கும். அதையே எண்ணெயில் குழைத்தால் வெண்மை போய்விடும். வடை வைத்த தாளில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவத் தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான். சாக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, எண்ணெயின் எண் 1.48. இரண்டும் நெருங்கியிருப்பதால் ஒளி அதிகம் திரும்பாமல் உள்ளே சென்றுவிடுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் எண்ணோ சுமார் 2.7. எனவே அது எண்ணெயிலும் பளிச்சென்ற வெள்ளையாக இருக்கிறது. அதற்கு மூலப்பொருளான இல்மனைட் கனிமம், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது.

எந்த எண்ணெயும் ஆகுமா? ஆகாது. தேங்காய் எண்ணெய் ஒருநாளும் காயாது. அதில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகக் குறைவு. ஆளிவிதை எண்ணெயில் அவை மிகுதி. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, ஒன்றோடொன்று பிணைந்து, உறுதியான படலமாகின்றன. துணி காய்வதுபோல ஈரம் போவதால் நேர்வதன்று இது. காயும்போது எண்ணெயின் எடை முதலில் கூடவே செய்கிறது!

இவ்வினையில் வெப்பம் வெளிப்படுகிறது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இதை மறக்காதீர்கள்.

தைல வண்ணம் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். ஒரு பென்சிலும் தாளும் போதும். உங்கள் ஊர்க் குளக்கரையிலோ வாய்க்கால் மதகிலோ நின்று, மிக வெளிச்சமான ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதை மட்டும் வெறும் தாளாக விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்தையும் பென்சிலால் மங்கலாக்குங்கள். நீங்கள் தொடாமல் விட்ட இடத்தில் வெயில் அடிப்பதைக் காண்பீர்கள்!