வறண்ட ஆற்றின் வழியே

பாலைநிலத்திற்குப் புறப்படுவோர் முதலில் தண்ணீர்ப் புட்டிகளைத்தான் எண்ணிப் பார்ப்பர். அரேபியத் தீபகற்பத்தின் தென்கிழக்கில் அமைந்த ஓமான் நாட்டிற்கும் அது பொருந்தும். வெயிலில் அலைவோர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்வது நன்று. ஆயினும், அங்கே உயிருக்கு இடராவது தாகம் மட்டுமன்று, வெள்ளமும் ஆகும்.

ஓமானின் வடபகுதியில் கடற்கரையை ஒட்டி ஹஜர் மலைத்தொடர் நீள்கிறது. அதன் உயர்ந்த சிகரமான ஜபல் ஷம்ஸ் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுடையது. மலையின் பெரும்பகுதி வெற்றுப் பாறை. மழைநீரை உறிஞ்சப் போதிய மண்ணில்லை. தடுத்து நிறுத்தக் காடில்லை. பெய்த நீர் உடனே சரிந்து பள்ளத்தாக்குகளில் திரள்கிறது. பெரும்பாலும் வறண்டு கிடக்கும் இந்த ஆற்றுப் படுகைகளை அரபு மொழியில் ‘வாடி’ என்பர். மலைமேல் பெய்த மழை, பல கிலோமீட்டர் கீழே தெளிந்த வானத்தின் அடியில் நிற்பவரிடம் வெள்ளமாக வந்து சேரும். மழையைக் காணாதவர் வெள்ளத்தை எதிர்பார்ப்பதில்லை.

சாலைகள் பல இடங்களில் பாலமின்றி இப்படுகைகளைக் கடக்கின்றன. ஓடும் நீரில் 30 சென்டிமீட்டர் ஆழமே சிறிய மகிழுந்தை மிதக்கச் செய்யப் போதும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். 2024 ஏப்ரலில் பெருகிய வெள்ளம் பள்ளிச் சிறுவர்கள் பலரின் உயிரைப் பறித்தது. வாடிகளை நன்கறிந்த உள்ளூர் மக்களுக்கே இந்நிலை என்றால், அயலாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் வாடிக்குள் வேண்டுமென்றே வண்டியைச் செலுத்துவது அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். நீர் வடியும்வரை கரையிலேயே காத்திருத்தல் வேண்டும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அது வடிந்துவிடும்.

கூடாரம் அடிப்போரை வாடியின் மணலும் மரநிழலும் ஈர்க்கும். மரக்கிளைகளில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கின்றனவா என்று அண்ணாந்து பார்த்தால், முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பது விளங்கும். அந்த மட்டத்திற்கு மேலேயே தங்க வேண்டும். செங்குத்தான பாறைகளுக்கிடையே நடந்தும் நீந்தியும் செல்ல வேண்டிய வாடி ஷாப் போன்ற இடங்களில் ஒதுங்க மேட்டுநிலம் அரிது. வானிலை அறிவிப்பைக் கேளாமல் அங்கே நுழையலாகாது.

பயணத்திற்கு உகந்த காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வடபகுதியில் குளிர்கால மழை பெய்வதும் இக்காலத்திலேயே என்பதை மறத்தலாகாது. கோடையில் வெயில் பொறுக்க முடியாதது. 2018 ஜூனில் குரியாத் என்னும் கடற்கரை ஊரில் 24 மணி நேரமும் வெப்பம் 42.6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கவே இல்லை. தெற்கிலுள்ள தோஃபார் பகுதி இதற்கு விலக்கு. சூன் இறுதி முதல் செப்டம்பர் வரை பருவக்காற்றின் தூறலில் அதன் மலைகள் பசுமை போர்த்தியிருக்கும்.

ஷர்க்கியா மணற்பரப்பிற்குள் செல்வோர் சக்கரங்களின் காற்றைப் பாதியளவு குறைத்துக்கொள்வர். சக்கரம் அகன்று மணலில் புதையாது செல்லும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும். இரண்டு வண்டிகளாகச் செல்வதே பாதுகாப்பு.

பெருக்கெடுத்து அழிக்கும் இந்நீரையே ஓமானியர் மண்ணுக்கடியிலிருந்தும் மலையூற்றிலிருந்தும் கால்வாய்களில் கொண்டுவந்து சிக்கனமாகப் பங்கிட்டு வாழ்ந்து வந்துள்ளனர். ‘ஃபலஜ்’ எனப்படும் இக்கால்வாய்களுள் ஐந்தினை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. நீர் முதலில் குடிப்பதற்கும், பின்னர்ப் பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும், இறுதியில் பேரீச்சந் தோப்புகளுக்கும் செல்லும். ஆகையால் கால்வாயின் தலைப்பகுதியில் பயணிகள் கால் கழுவுதலோ சோப்பு பயன்படுத்துதலோ கூடாது. ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலைகளில் இறங்கும்போது ஆண், பெண் இருபாலாரும் உடலை மறைக்கும் உடை அணிவது அவ்வூர் வழக்கம்.