தற்கொலையில் ஒருவரை இழந்த வீடு: மிச்சம் இருப்பவர்களுக்கு

உங்கள் வீட்டில், அல்லது உங்களுக்கு நெருங்கிய ஒரு வீட்டில், யாராவது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால் இந்தக் காணொளி உங்களுக்காகத்தான். எப்படி நடந்தது என்ற கதை இதில் எங்கேயும் வராது. அதற்குப் பிறகு வீட்டில் மிச்சம் இருப்பவர்களைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தால் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பிறகு பாருங்கள்.

திருகோணமலையில் ஒரு செத்த வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். உட்துறைமுக வீதியோ உப்புவெளியோ, செய்தி கேட்டதும் சனம் வந்துவிடும். பந்தல் எழும்பும், கதிரை வரும், பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். வந்தவர்கள் இறந்தவரைப் பற்றியே கதைப்பார்கள். அவர் சொன்ன பகிடி, செய்த உதவி, பிடித்த சண்டை எல்லாம் வரும். அப்படிக் கதைத்துக் கதைத்துத்தான் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

தற்கொலை நடந்த வீட்டுக்கும் சனம் வரும். ஆனால் கதை வேறு. கடைசியாகக் கண்டது யார்? வீட்டில் சண்டையா? காதலா? கடனா? வாசலில் இந்தக் கேள்விகள், உள்ளே வந்தால் மௌனம். 31ஆம் நாள் முடிந்ததும் அந்தப் பெயரையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இதுவும் ஒரு சாவு. மற்றச் சாவுகளுக்கு உள்ள அழுகை, சடங்கு, பெயர் சொல்லி நினைக்கிற உரிமை எல்லாம் இதற்கும் உண்டு.

[திரையில்: முதல் நாட்கள்]

முதலில் வருவது பொலிஸ். பிறகு திடீர் மரண விசாரணை அதிகாரி, வைத்தியசாலையில் பிரேத பரிசோதனை. அழக்கூட நேரம் இல்லாமல் கேள்வி மேல் கேள்வி. ஒன்றை மனதில் வையுங்கள்: இயற்கையாக நடக்காத எந்த மரணத்துக்கும் சட்டம் இந்த விசாரணையைக் கேட்கிறது. கடலில் விபத்து நடந்தாலும் இதேதான். உங்களைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக அது நடப்பதில்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கிற சட்டப் பிரிவையே இலங்கை 1998இல் நீக்கிவிட்டது.

தாயையோ மனைவியையோ தனியாகப் பதில் சொல்ல விடாதீர்கள். நிதானமாக இருக்கக்கூடிய ஒரு உறவினர் கூடவே இருக்கட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். கடிதம் ஏதும் இருந்தால் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப யாரையும் விடாதீர்கள்.

[திரையில்: "ஏன்?"]

பிறகு, ஆட்கள் எல்லாம் போன இரவில், அந்தக் கேள்வி வரும். ஏன்? அதற்குப் பின்னாலேயே இன்னொன்று: "அன்றைக்கு நான் அந்த அழைப்பை எடுத்திருந்தால்? அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தால்?"

முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாமே அடையாளமாகத் தெரியும். சாப்பிடாமல் எழும்பியது, சிரிக்காமல் இருந்தது, கோயிலுக்கு வர மறுத்தது. ஆனால் அன்றைக்கு அது சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை. இன்று உங்களுக்குத் தெரிந்தது அன்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக உங்களையே தண்டிக்காதீர்கள்.

எங்கள் நாட்டின் கணக்கே ஒரு பாடம் சொல்கிறது. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பிறகு வந்த இருபது ஆண்டுகளில் அது 70 வீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்த ஆண்டுகளில் யுத்தம் நடந்தது, சுனாமி வந்தது, துக்கம் எதுவும் குறையவில்லை. மிக ஆபத்தான விவசாய இரசாயனங்களை அரசு படிப்படியாகத் தடை செய்ததுதான் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு சாவுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, நோய் இருக்கிறது, வறுமை இருக்கிறது, ஒரு கணத்தின் தாங்க முடியாத வலி இருக்கிறது. அத்தனையையும் ஒரு அம்மா சொன்ன ஒரு வார்த்தையின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

கோபமும் வரும். "எங்களை விட்டுட்டுப் போக எப்படி மனம் வந்தது?" என்று கேட்பீர்கள். நெடுங்காலம் மனநோயோடு போராடிய ஒருவரின் வீட்டில், சில வேளை ஒரு நிம்மதிகூட வரும். இரண்டுக்கும் வெட்கப்பட வேண்டாம். அன்பு இருந்த இடத்தில்தான் இவை வருகின்றன.

[திரையில்: கன்னியா]

இனி சடங்கு. "இது துர்மரணம், அந்தியேட்டி செய்யலாமா?" என்று தயங்குகிற குடும்பங்கள் உண்டு. எங்கள் ஊரில் கன்னியா இருக்கிறது, ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து இறந்தவர்களுக்குக் கடன் செய்கிறோம். உங்கள் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. உங்கள் குருக்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஆடி அமாவாசையில் அப்பாவுக்கும் சித்திரா பௌர்ணமியில் அம்மாவுக்கும் பிடிக்கிற விரதத்தை, அவர்கள் இறந்த விதத்தைச் சொல்லி யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது.

கத்தோலிக்க வீடுகளில் பழைய பயம் ஒன்று இருக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. திருச்சபை இன்று அவர்களுக்காக மன்றாடுகிறது. முஸ்லிம் வீடுகளிலும் ஜனாஸா தொழுகை உண்டு என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை.

[திரையில்: பிள்ளைகளிடம் என்ன சொல்வது?]

"அப்பா வெளிநாடு போயிட்டார்" என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளையின் வாயால் உண்மை வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை அப்பாவோடு சேர்த்து உங்கள் மேல் வைத்த நம்பிக்கையையும் இழக்கும். சின்ன வார்த்தைகளில் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு மனதில் பெரிய வருத்தம் இருந்தது. அதில அவர் தன்ர உயிரை எடுத்திட்டார். நீ செய்த எதாலயும் இல்லை. நான் உன்னோட இருக்கிறன்." கடைசி இரண்டு வசனங்களைப் பல தடவை சொல்ல வேண்டி வரும். சொல்லுங்கள்.

[திரையில்: அயலவர்களுக்கு]

காரணம் கேட்காதீர்கள். "கோழை" என்றும் சொல்லாதீர்கள், "தியாகி" என்றும் சொல்லாதீர்கள். "உங்கட மகன் எனக்கு ஒருக்கா சைக்கிள் திருத்தித் தந்தவன்" என்று சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அவள் மகனின் வாழ்க்கை அந்த ஒரு நாள் மட்டும் அல்ல என்று வேறு ஒருவர் சாட்சி சொல்கிறார்.

கடன் இருந்த வீடு என்றால் இன்னும் ஒரு உதவி தேவை. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் சுமையில் பெண்கள் படும் துன்பத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். துக்க வீட்டில் புதிய பத்திரம் எதிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். உள்ள பத்திரங்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

[திரையில்: வாய் திறந்தவர்கள்]

மதுரை எழுத்தாளர் நந்தினி முரளி 2017இல் மருத்துவரான தன் கணவரை இப்படி இழந்தார். அதை வெளிப்படையாகப் பேசினார். 2021இல் 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற ஆங்கில நூலை எழுதினார். எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையோடு சேர்ந்து 'ஸ்பீக்' என்ற முயற்சியைத் தொடங்கினார். இதே இழப்பை அனுபவித்த ஒருவரோடு கதைக்கும்போது எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஊரிலும் அப்படி இரண்டு மூன்று குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு தடவை கூடியிருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

கடைசியாக மிக முக்கியமான விஷயம். இப்படி ஒருவரை இழந்தவர்களுக்கே தற்கொலை எண்ணம் வரக்கூடிய ஆபத்து அதிகம். "நானும் அவரிட்டயே போயிட்டால் என்ன" என்று ஒருவர் சொன்னால், சாகிற யோசனை இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. சொல்ல ஒரு வழிதான் திறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். திருகோணமலை பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

[திரையில்: 1926 – தேசிய மனநல நிறுவனம், 24 மணி நேரமும். 1333 – ஆலோசனைச் சேவை, இலவசம்]

இரண்டு எண்களையும் இப்போதே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். உங்களுக்கு அப்படி ஒரு வீடு தெரிந்தால் இந்தக் காணொளியை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நீங்களே போங்கள். போய், இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள்.