கப்பல் சொல்வதா, செயற்கைக்கோள் சொல்வதா?



எங்கள் வீராம்பட்டினத்தில் "கடல் தண்ணி இன்னிக்கு எப்படி?" என்று கேட்டால், கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். விஞ்ஞானிகளிடம் கேட்டாலோ இரண்டு பதில் வரும். கப்பல் ஒன்று சொல்லும், செயற்கைக்கோள் இன்னொன்று சொல்லும். அப்போ யார் சொல்றது சரி?

கப்பலின் வழி பழையது. வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு தெர்மாமீட்டரை வைப்பார்கள். கித்தான் வாளி மேலே வருவதற்குள் காற்றுபட்டு, மண்பானைத் தண்ணீர் மாதிரி கொஞ்சம் குளிர்ந்துவிடும். பிறகு, இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். அது சில மீட்டர் ஆழத்து நீர். இன்ஜின் ரூம் சூடும் அதில் சேர்ந்துகொள்ளும்.

செயற்கைக்கோள் தண்ணீரைத் தொடுவதே இல்லை. கடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கதிர் வருவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமுள்ள மேல் படலத்திலிருந்து! அது கீழேயுள்ள நீரைவிடப் பெரும்பாலும் 0.2 டிகிரி செல்சியஸ் போலக் குளிர்ந்திருக்கும். காற்றில்லாத மதிய வெயிலிலோ மேல் நீர் ஓரிரு டிகிரிகூட ஏறிவிடும். மேகம் மறைத்தால் அளவே கிடைக்காது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, வானில் பரவிய நுண்துகள்களால் செயற்கைக்கோள்கள் கடலை உள்ளதைவிடக் குளிர்ச்சியாகக் காட்டின.

ஆக, இரண்டும் அளப்பது வேறு வேறு நீரை. ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடம், ஒரே நேரம் வேண்டும். அதற்குத்தான் கடலில் மிதவைகளை விட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1997 முதல் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தி அளந்து வருகிறது.

இந்தச் சின்ன வித்தியாசத்தால் நமக்கென்ன? ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. அதற்குச் சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லை தெரிய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிசகினால் எல்லை மாறாது. படகுக்காரரின் டீசல் வீணாகாது. ஆனால் உலகம் சூடாகிறதா என்று பார்க்க அந்தப் பிசகும் ஆகாது. கப்பல் அளவு மிதவை அளவைவிடச் சராசரி 0.12 டிகிரி அதிகம் என்று கண்டு, அமெரிக்காவின் நோவா அமைப்பு 2015-இல் கணக்கைத் திருத்தியது. கடல் பத்தாண்டில் சூடாவதே ஏறக்குறைய அவ்வளவுதான்! திருத்தாவிட்டால், மிதவைகள் பெருகப் பெருகக் கடல் சூடாவதே குறைந்ததுபோலத் தோன்றியிருக்கும்.

லேபில் மீட்டரைப் பார்த்து ரீடிங் எழுதும் நண்பர்களே! இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கும் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எண்ணை நம்புமுன் எங்கே, எப்போ, எதை வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள்.