புதுப்பிப்பதா, பொறுத்திருப்பதா?

கம்ப்யூட்டரோ கைப்பேசியோ இல்லாத வீடு இக்காலத்தில் அபூர்வம். அவற்றின் திரையில் அடிக்கடி ஒரு கேள்வி தோன்றுகிறது: "புதிய அப்டேட் தயாராயிருக்கிறது. இப்பொழுதே போட்டுக்கொள்ளலாமா, அல்லது பிறகா?" வீட்டிலுள்ளவர்கள் அனைவரும் ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பது "பிறகு" என்பதைத்தான். வேறு எந்த விஷயத்திலும் இத்தகைய ஒற்றுமையைக் குடும்பங்களில் காண்பது அரிது!

இந்தத் தயக்கத்துக்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுவதற்கில்லை. அப்டேட் வெளியான சில நாட்களுக்குள்ளேயே, "அதிலும் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற செய்தி சில சமயம் வந்து சேருகிறது. புதிதாக வாங்கிய பூட்டும் பழுது என்றால், பழைய பூட்டே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றுவது இயற்கைதானே? இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, உண்மையில் நடந்த சில சம்பவங்களைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

அன்றே வெளிவந்த குறை

யந்திரத்திலுள்ள மற்றக் காரியங்களையெல்லாம் நடத்திவைக்கும் ஆதார ஏற்பாட்டுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். ஆப்பிள் கம்பெனியார் தங்கள் மாக் கம்ப்யூட்டர்களுக்காக 'ஹை சியெரா' என்னும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை 2017-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி வெளியிட்டார்கள். அதே தினத்தில் பாட்ரிக் வார்டில் என்ற நிபுணர் அதில் ஒரு குறையை எடுத்துக்காட்டினார். மாக் யந்திரத்தில் 'கீசெயின்' என்று ஒரு பெட்டகம் உண்டு. சொந்தக்காரரின் பாஸ்வேர்டுகளெல்லாம் அதில்தான் பத்திரமாக இருக்கின்றன. தீய நோக்குடன் எழுதப்பட்ட புரோகிராம் ஒன்று எப்படியோ உள்ளே புகுந்துவிட்டால், சொந்தக்காரரைக் கேளாமலே அந்தப் பாஸ்வேர்டுகளை வாரிக்கொண்டு போய்விடலாம் என்று அவர் நிரூபித்தார்.

"நல்ல வேளை! நாம் இன்னும் போடவில்லை" என்று பழைய சிஸ்டத்தில் இருந்தவர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஓட்டை பழைய சிஸ்டத்திலும் இருந்தது! புதியதைப் போடாதவர்கள் ஆபத்திலிருந்து தப்பவில்லை. ஆபத்து இருப்பதை அறியாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அக்டோபர் 5-ந் தேதி திருத்தம் வந்தபோது, புதிய சிஸ்டத்தில் இருந்தவர்களுக்கே அது முதலில் கிடைத்தது. பழையதில் இருந்தவர்கள் அந்த மாதக் கடைசி வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுபக்கத்தையும் சொல்லுவதுதான் நியாயம். அதே ஹை சியெராவில் நவம்பர் 28-ந் தேதி இன்னும் பெரிய குறை ஒன்று அம்பலமாயிற்று. பெயர் கேட்கும் இடத்தில் 'ரூட்' என்று எழுதிவிட்டு, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டொரு முறை பொத்தானை அழுத்தினால் யந்திரம் முழுவதும் வசமாகிவிடும்! முந்தைய சியெராவில் இந்தக் குறை இல்லை. ஆகவே இந்தத் தடவை பொறுத்திருந்தவர்களின் பக்கமே அதிர்ஷ்டம் இருந்தது. ஆப்பிள் கம்பெனியார் மறுநாளே திருத்தத்தை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள்.

ஐம்பத்தொன்பது நாட்கள்

இவ்விரு சம்பவங்களோடு நின்றுவிட்டால், புதுப்பிப்பதும் பொறுத்திருப்பதும் சமம்தான் என்று தோன்றக்கூடும். ஆனால் அதே 2017-ல் நடந்த மற்றொரு சம்பவமும் இருக்கிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. மைக்ரோஸாப்ட் கம்பெனியார் மார்ச் 14-ந் தேதி அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். ஏப்ரல் மாதத்தில், அந்த ஓட்டை வழியே நுழைவதற்கான கருவி ஒன்று இன்டர்நெட்டில் பகிரங்கமாகிவிட்டது. மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்னும் நாசகார புரோகிராம் அந்த ஓட்டை வழியாகவே கிளம்பி, ஏறக்குறைய 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பிடித்துக்கொண்டது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது.

பிரிட்டனின் பொது மருத்துவ ஸ்தாபனம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கிலாந்திலுள்ள 236 மருத்துவ டிரஸ்டுகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ரத்தான சிகிச்சைகளும் டாக்டரைச் சந்திக்கும் ஏற்பாடுகளும் 19,000-க்கு மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஐந்து பிரதேசங்களில் அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் வேறு ஆஸ்பத்திரிகளைத் தேடித் தொலைதூரம் செல்ல நேர்ந்தது. திருத்தம் கைக்கெட்டிய நாளுக்கும் கொள்ளை தொடங்கிய நாளுக்கும் இடையே இருந்தவை ஐம்பத்தொன்பது நாட்கள். அத்தனை நாளும் "பிறகு" என்று சொன்னதற்கு விலை கொடுத்தவர்கள், கம்ப்யூட்டரைத் தொட்டே இராத நோயாளிகள்!

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். திருத்தம் வெளியாகும் வரையில் ஓட்டை இருக்குமிடம் சிலருக்கு மட்டுமே தெரியும். வெளியான பிறகோ, கெட்டிக்காரத் திருடன் அந்தத் திருத்தத்தையே ஆராய்ந்து, ஓட்டை எங்கே இருந்ததென்று தெரிந்துகொள்வான். அந்த நிமிஷம் முதல், திருத்தம் போடாத யந்திரங்கள் எல்லாம் அவனுக்குத் திறந்த வீடுகள்.

இரண்டும் ஒன்றல்ல

இப்படியானால் வருவதையெல்லாம் உடனே போட்டுக்கொள்ள வேண்டியதுதானா? அப்படியுமல்ல. அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் வருகின்றன. ஒன்று, ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தம். மற்றொன்று, வீட்டையே இடித்துக் கட்டுவது போன்ற பெரிய புதுப் பதிப்பு.

சிறு திருத்தத்தில் தாமதம் கூடாது. அதனாலும் எப்போதாவது தொல்லை வருவதுண்டு. ஆயினும், திருடனுக்கு வழி தெரிந்த ஓட்டையைத் திறந்து வைத்திருப்பதைவிட அது சிறிய தொல்லை. பெரிய புதுப் பதிப்பிலோ சில வாரம் பொறுத்திருப்பதில் தவறில்லை. விண்டோஸ் பத்தின் பெரிய பதிப்பு ஒன்று 2018-ம் வருஷம் அக்டோபரில் வெளிவந்தது. அதைப் போட்டுக்கொண்ட சிலருடைய சொந்த ஃபைல்களே அழிந்துபோயின! சில நாட்களில் கம்பெனியார் விநியோகத்தை நிறுத்தி, சீர்செய்து, நவம்பர் 13-ந் தேதி மறுபடியும் வெளியிட்டார்கள். அது வரையில் காத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

ஆனால் பொறுத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருக்க வேண்டும். விண்டோஸ் பத்துக்கு வழக்கமான ஆதரவு 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்கு அதற்குப் பின் திருத்தம் இல்லை. கைப்பேசிகளுக்கும் இப்படிக் கெடு உண்டு. கெடு கடந்த யந்திரத்தில் காத்திருப்பது பொறுமையாகாது. கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு தூங்குவதாகும். வங்கிப் பணம் அந்த யந்திரத்தின் வழியாகப் போய் வருகிறதென்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்கவை மூன்று. புகைப்படங்களுக்கும் தஸ்தாவேஜுகளுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டில் கோளாறு நேர்ந்தாலும் கைம்முதல் போகாது. இரண்டாவது, "இந்த இணைப்பை அழுத்தி அப்டேட் செய்யவும்" என்று எவரோ அனுப்பும் செய்தியை நம்பாதீர்கள்; யந்திரத்தின் சொந்த அமைப்புப் பகுதிக்குச் சென்றே திருத்தத்தைப் பெறுங்கள். மூன்றாவது, இறக்கிவைத்த திருத்தத்தில் பல, யந்திரத்தை நிறுத்தி மறுபடி தொடங்கிய பிறகே வேலை செய்யும் என்பதை மறவாதீர்கள்.

மறுபடி தொடங்குவதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். குடும்பத்தார் சேர்ந்து உட்கார்ந்து இரவு சாப்பாட்டை முடிப்பதற்குள் அந்த வேலையும் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசி ஒருவர் கையிலும் இராது என்பதை ஒரு கூடுதல் லாபமாக வைத்துக்கொள்ளலாம்.