தின்னும் நடைப்பிணம்

பொல்பிட்டியவிலிருந்து மலையேறும்போது தேயிலைச் செடிகளில் ஒன்றோடொன்று ஒட்டிய இலைகளை நாம் காணலாம். பிரித்தால் உள்ளே இலைச்சுருட்டிப் புழு. சிறுவர்களே, அப்புழு சில வேளைகளில் நடைப்பிணமே!

1935ஆம் ஆண்டளவில் ஜாவாத் தீவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவியை இலங்கைக்குத் தருவித்தனர். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். ஒரே முட்டை பலவாகப் பிரிந்து பல குஞ்சுகளாவது பெருவியப்பு. புழு வழக்கம்போல் இலை தின்றுகொண்டிருக்கும். வளர்வதோ உள்ளிருக்கும் கூட்டம்! ஈற்றில் அவை புழுவைத் துளைத்து வெளிவரும், புழு மடியும்.

பேய்க்கதையென அஞ்ச வேண்டா. தேயிலையைக் காத்தது இக்குளவியே. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் மருந்து தெளித்தார்கள். குளவிகளும் உடன் மடிந்தன. இலைச்சுருட்டி மீண்டும் பெருகிற்று.