ரொம்பத் திருப்தி

டென்மார்க்கில் டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது என்று ஊரில் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். உண்மைதான் மக்களே. மஞ்சள் அட்டையை நீட்டினால் போதும். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி திருப்தி கிடைக்குதா?

அதை அளக்க நாடு முழுக்க வருஷா வருஷம் ஒரு கணக்கெடுப்பு நடத்துறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு டிஜிட்டல் தபாலில் கேள்வித்தாள் வரும்.

இங்கே ஓகூஸில் எனக்குப் பழக்கமான ஈழத்து அம்மா ஒருவருக்கும் வந்தது. எண்பதுகளில் அகதியாக வந்தவர். "தம்பி, எல்லாத்துக்கும் நல்லம் எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, முக்கியமான உபாதையை அவர் டாக்டரிடம் சொல்லவே இல்லை. மொழிபெயர்க்கப் போனது மகன். "பெடியனை வச்சுக்கொண்டு அதெல்லாம் கதைக்கேலுமே?"

கணக்கெடுப்பைப் பொறுத்தவரை அவர் 'ரொம்பத் திருப்தி'.

மகன் ஏன் போகணும், மொழிபெயர்ப்பாளர் இல்லையா? இருக்காங்க. ஆனா 2018 ஜூலை 1 முதல் ஒரு விதி வந்தது. இங்கே வந்து 3 வருஷத்துக்கு மேலானவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் கட்டணும். வைத்தியம் இலவசம், வாய்க்குக் காசு! நம்மாளுங்க என்ன செய்வாங்க? பிள்ளையைக் கூட்டிட்டுப் போவாங்க.

சரி, காசு கட்டியே ஒருத்தரைக் கூப்பிட்டாச்சு. தமிழ் மொழிபெயர்ப்பாளர். ரகசியம் காப்பது அவர் கடமை. ஆனா ஹேர்னிங் பிள்ளையார் கோயிலிலோ, பிராண்ட அபிராமி கோயிலிலோ அடுத்த திருவிழாவில் எதிரே வந்து நிற்கப்போறதும் அவரேதான். இப்போ நோயாளி ஆண்களை விரும்பும் ஒரு தமிழ்ப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்வினை நோய்ப் பரிசோதனை பற்றி வாய் திறப்பானா?

இத்தனைக்கும் ஒருபால் ஜோடிகளுக்குப் பதிவுத் துணைமையை 1989லேயே, உலகத்தில் முதலாவதாக, சட்டமாக்கிய நாடு இது. 2012ல் திருமணமும் வந்தாச்சு. பதிவு செய்த ஜோடிகள் அரசுப் பதிவேட்டில் இருப்பதால் அவர்கள் உடல்நலத்தைப் பற்றி ஆராய முடியும். பிறந்த நாடும் பதிவேட்டில் உண்டு. இனத்துக்கும் பாலீர்ப்புக்கும் கட்டம் கிடையாது. அமெரிக்காவில் பல ஆய்வுகளில் இந்த இரண்டையும் நேரடியாகவே கேட்டு ஒப்பிடுகிறார்கள். இங்கே கல்யாணம் ஆகாத, வீட்டில் சொல்லாத அந்தப் பையன் எந்தப் பதிவேட்டிலும் தெரியமாட்டான்.

பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் போடணும்னு சொல்லலை. அரசாங்கம் அதையெல்லாம் எழுதி வைப்பது எனக்கும் பயம்தான். நான் கேட்பது சின்ன விஷயம். கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வி: "சொல்ல நினைத்ததை எல்லாம் டாக்டரிடம் சொல்ல முடிந்ததா? அப்போது கூட இருந்தது யார்?" அப்புறம் கட்டணமில்லாமல், வேறு ஊரிலிருந்து, முகம் தெரியாமல் போனில் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

சொல்லாத வியாதிக்கு எந்த நாட்டு டாக்டரும் மருந்து எழுத முடியாதுங்க. நீங்க இருக்கிற ஊரில் எப்படி? உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு டாக்டரிடம் யார் பேசுறாங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க.